கௌ, கோ, போவைன்

ஐயா, வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். சென்ற வாரம் பொள்ளாச்சிச் சந்தையில் தலையீத்துச் செவலை ஒன்று பிடித்தேன். மருத்துவர் தந்த சான்றிதழில் 'போவைன்' என்று இருந்தது. 'கௌ' என்ற ஆங்கிலச் சொல் நம் 'கோ'விலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். அப்படியானால் இந்தப் 'போவைன்' யார் வீட்டுச் சொல்?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாட்ஸ்அப் சொன்னதில் பாதி சரி. கோவும் கௌவும் உறவினர்தான். ஆனால் ஒன்று மற்றதைப் பெறவில்லை. சமஸ்கிருதம், லத்தீன், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மொழியில், இரண்டுக்கும் பொதுவான மூலச்சொல் 'க்வ' போன்ற ஒலியில் தொடங்கியது. சமஸ்கிருதத்தில் அது 'கோ' ஆகி நம்மிடம் வந்து கோமாரி வரை ஒட்டிக்கொண்டது. (நமக்கென்று 'ஆ' இருக்கிறது, ஆநிரை கவர்ந்தவர்களுக்குக் 'கோ' தேவைப்படவில்லை.)

போவைனும் அதே மூலச்சொல்லிலிருந்து லத்தீன் வழி வந்தது. 'போஸ்' என்றால் மாடு. 'சார்ந்த' என்று பொருள்தரும் 'இனுஸ்' ஒட்டு சேர்ந்து 'போவினுஸ்'. ஆனால் லத்தீன் ஒலி விதிப்படி போஸ் பிறந்திருக்கவே கூடாது! அந்த 'க்வ' லத்தீனில் 'வ' ஆகும். ஆகமத்தில் உள்ள 'கம்' என்ற வேரும், 'வா' என்னும் ஆங்கிலக் 'கம்'மும், லத்தீன் 'வெனியோ'வும் ஒரு வேரில் கிளைத்தவை. அந்தக் கணக்கில் மாடு 'வோஸ்' ஆகியிருக்க வேண்டும். 'க்வ'வைப் பகரமாக மாற்றிப் பேசியவர்கள் ரோமுக்கு அண்டையில் ஆஸ்கன், உம்பிரியன் மொழிகள் பேசியவர்கள். மாட்டின் பெயரை அவர்களிடமிருந்தே ரோமானியர் வாங்கினர் என்பது மொழியியலாளர் கருத்து. ஓநாயைக் குறிக்கும் 'லூபுஸ்' வந்ததும் அப்படித்தான். ஓநாய் போன்ற என்பதற்கான 'லூபைன்' அதன் பிள்ளை.

உங்களுக்கு இது புதிதாக இருக்காது. பொள்ளாச்சித் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் விலை, கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் வியாபாரிக்கும் புரிகிறது. மாடு போகிற வழியில் அதன் பேச்சும் போகும்.

ஆங்கிலத்தில் மந்தமான ஆளையும் போவைன் என்று சொல்வதுண்டு. கறக்கும்போது உதை வாங்கியிராதவர்கள் கொடுத்த பொருள் அது.

மாட்டைச் சார்ந்த இன்னொரு சொல் உங்கள் தொழுவத்திலேயே இருக்கிறது: வேக்சின். லத்தீனில் 'வக்கா' பசு. 'வக்கீனுஸ்' பசுவைச் சார்ந்தது. பெரியம்மைக்குத் தடுப்பாக மாட்டம்மையைப் பயன்படுத்திய மருத்துவர் எட்வர்டு ஜென்னர், 1798-இல் அந்த மாட்டம்மையை 'வாரியோலே வக்கீனே' என்று எழுதினார். 1881-இல் லூயி பாஸ்டர் எல்லாத் தடுப்பு மருந்துக்கும், அதிலிருந்து பிறந்த வேக்சின் என்ற பெயரை நீட்டினார். கோழிக்குப் போட்டாலும் நாய்க்குப் போட்டாலும், பெயரளவில் அது மாட்டுச் சரக்குதான்.