எஸ்.எஸ். போல்ட் என்றால் உசத்தியா?

கேள்வி: மணலியில் கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருக்கிறேன். 400 டிகிரி நீராவிக் குழாயின் கார்பன் ஸ்டீல் ஃபிளாஞ்சுக்கு (குழாய்களை இணைக்கும் வளையத் தட்டு) பி7 ரக அலாய் ஸ்டீல் ஸ்டட் (தலையில்லாத மரை போல்ட்) கேட்டால், ஸ்டோரில் பி8-ஐ நீட்டி, "இது எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), இன்னும் உசத்தி, போடுங்க" என்கிறார்கள். போடலாமா? திரவ நைட்ரஜன் லைனுக்கு மட்டும் டிராயிங்கிலேயே பி8 என்று இருக்கிறதே?

பதில்: திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தம்பி. நானும் ஒரு காலத்தில் உங்கள் ஸ்டோர்காரர் மாதிரி நினைத்தவன்தான். ஓர் உர ஆலையில் ஷட்டவுன் முடித்து நீராவி விட்ட மறுநாளே ஃபிளாஞ்ச் சீறியது. இறுக்கினோம். மறுபடியும் சீறியது. மூன்றாம் தடவை ஸ்டட் முனையில் அழுக்கைத் துடைத்துப் பார்த்தால், பி8!

பி8 முதல் வகுப்பு என்பது 304 எஃகு. அதன் ஈல்டு, அதாவது நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும் எல்லை, 205 மெகாபாஸ்கல். பி7-க்கு, இரண்டரை அங்குலம் வரை, 720. பி8-ஐ அந்த எல்லை வரை இறுக்கினாலும் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு 0.1 மில்லிமீட்டர்தான் இழுபடும். இரண்டு ஃபிளாஞ்சுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை அமுக்கிப் பிடிப்பது அந்த இழுவைதான். 400 டிகிரிக்குச் சூடேறினால் அதே ஸ்டட் ஃபிளாஞ்சைவிட 0.15 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக நீண்டுவிடும். அப்புறம் பிடி ஏது?

குறிக்குக் கீழே கோடு போட்ட பி8 என்றால் இரண்டாம் வகுப்பு. முக்கால் அங்குலம் வரை ஈல்டு 690. பலம் கூடினாலும் சூட்டில் நீளும் குணம் மாறாது. ஃபிளாஞ்சே எஸ்.எஸ்., சூடும் அதிகம் என்றால் ஏ453 தரக்குறிப்பின் 660 ரக ஸ்டட் கேளுங்கள். பலமும் உண்டு, ஃபிளாஞ்சோடு ஒத்தும் நீளும்.

நைட்ரஜன் லைன் வேறு கதை. மைனஸ் 196-ல் பி7 கண்ணாடி மாதிரி. அதே சேர்க்கையில் குளிருக்கென்று வரும் எல்7-ஐக்கூட மைனஸ் 101-ல்தான் அடித்துச் சோதிக்கிறார்கள். 304-க்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை.

காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பி6-ம் எஸ்.எஸ்.தான், ஆனால் ஒட்டும். நட்டு, பி7-க்கு 2ஹெச் ரகம், பி8-க்கு 8 ரகம். எஸ்.எஸ்.-மேல் எஸ்.எஸ். மரை கடித்துக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்கணும், அதனால் நிக்கல் பேஸ்ட் தடவுங்கள். ஆக்சிஜன் லைனுக்கு மட்டும் அந்த டப்பா ஆகாது. அதற்கென்றே தனிப் பேஸ்ட் உண்டு, கேட்டு வாங்குங்கள்.