விட்ட பின்னும் ஒலிக்கும் சுரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எட்டு மாதங்களாக ஒரு மிடி சின்தசைசரை, அதாவது கீபோர்டு போன்றவை கம்பி வழியே அனுப்பும் மிடி செய்திகளைப் படித்து ஒலி எழுப்பும் கருவியை, நானே செய்துவருகிறேன். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுடன் ஓடும் ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர், மிடி உள்ளீட்டுக்கு 6என்138 ஆப்டோகப்ளர் (இரு சுற்றுகளை நேரடி மின்தொடர்பின்றி ஒளியால் இணைக்கும் சிப்), வாசிக்கும் சுரத்தின் பெயரைக் காட்ட ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பில் ஒரு சிறிய ஓலெட் திரை ஆகியவை இதில் உள்ளன. ஒலி டைமர் இன்டரப்டில், அதாவது குறித்த நேரத்துக்கொரு முறை மற்ற வேலையை இடைநிறுத்தி ஓடும் நிரல் பகுதியில், உருவாகிறது. மிடி பைட்டுகளை, திரும்பத் திரும்ப ஓடும் மெயின் லூப்பில் படிக்கிறேன். நிரலில் வெளியார் எழுதிய லைப்ரரி எதுவும் இல்லை.

என்னுடைய பழைய கீபோர்டில் நிதானமாக ஒவ்வொரு சுரமாக வாசித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. வேகமாக வாசித்தாலோ நான்கு சுரங்களைச் சேர்த்து அழுத்தினாலோ சில சுரங்கள் காணாமல் போகின்றன. நண்பர் ஒருவரின் கீபோர்டை இணைத்தால் நிலைமை இன்னும் மோசம்: நிதானமாக வாசித்தாலும், விரலை எடுத்த பின்னும் சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இவை போதாதென்று, கணினியின் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது மெல்லிய கீச்சொலி ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஆப்டோகப்ளரை மூன்று முறை மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை. இந்த போர்டைக் கைவிட்டு, வேகமான 32 பிட் சிப்புக்கு மாறிவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மாற வேண்டாம், குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். நீங்கள் விவரித்திருப்பது ஒரு கோளாறு அல்ல, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள். அவற்றில் இரண்டு உங்கள் நிரலில் இருக்கின்றன. வேகமான சிப்புக்கு மாறினால் அதே நிரலோடு அவையும் கூடவே வரும். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டவை ‘நிதானமாக வாசித்தால் சரி’ என்பதும், ‘இன்னொரு கீபோர்டில் நிதானமாக வாசித்தாலும் நிற்பதில்லை’ என்பதும்தான். ஒரு கோளாறு எந்த நிபந்தனையில் வருகிறது, எந்த நிபந்தனையில் வருவதில்லை என்பதே அது இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். ஆப்டோகப்ளரை முதல் முறை கழற்றுவதற்கு முன்பே இந்த இரண்டு வரிகளும் உங்கள் கையில் இருந்தன.

முதலில் ஆப்டோகப்ளரையே எடுத்துக்கொள்வோம். மிடியில் ஒரு நொடிக்கு 31,250 பிட்டுகள் செல்கின்றன. அதாவது ஒரு பிட்டுக்கு 32 மைக்ரோ நொடி. எட்டு தரவு பிட்டுகளுடன் தொடக்க பிட், முடிவு பிட் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு பைட்டுக்கு 320 மைக்ரோ நொடி ஆகும். நீங்கள் மெல்ல வாசித்தாலும் வேகமாக வாசித்தாலும் இந்த 320 மைக்ரோ நொடி மாறுவதில்லை. வேகமாக வாசிக்கும்போது பைட்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம்தான் குறைகிறது. ஆகவே ஆப்டோகப்ளர் மந்தமாக இருந்தால், நிதானமாக வாசிக்கும் ஒற்றைச் சுரத்திலேயே அது தெரிந்துவிட வேண்டும். முதல் சேனலில் சுரத்தைத் தொடங்கச் சொல்லும் நோட் ஆன் பைட் 144 என்பதைப் பாருங்கள். மதிப்பில் சிறிய பிட் முதலில் செல்வதால் அது கம்பியில் 0, 0, 0, 0, 1, 0, 0, 1 என்று போகிறது. தொடக்க பிட்டையும் சேர்த்து ஐந்து பூஜ்யங்களுக்குப் பிறகு தனியாக ஒரு 1 நிற்கிறது. பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு எழத் தாமதிக்கும் ஆப்டோகப்ளர் முதலில் விழுங்குவது அந்தத் தனி 1 ஐத்தான். அது விழுங்கப்பட்டிருந்தால் உங்கள் சின்தசைசரில் எந்தச் சுரமும் எந்த வேகத்திலும் ஒலித்திருக்காது.

இருந்தாலும் 6என்138 இன் 7 ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் அல்லது 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர் விரைவாக அணைவதற்கு அது உதவுகிறது. பலர் வரைபடத்தில் அதை அவசியமற்றது என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு அதிர்ஷ்டவசமாக வேலை செய்தும் விடுகிறது.

இதையெல்லாம் ஊகமாக விட வேண்டியதில்லை. உங்கள் சிப்பே சாட்சி சொல்லும். யுசிஎஸ்ஆர்0ஏ என்ற ரெஜிஸ்டரில் (சிப்பினுள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில்) எஃப்இ0, டிஓஆர்0 என்று இரண்டு பிட்டுகள் இருக்கின்றன. முடிவு பிட் இருக்க வேண்டிய இடத்தில் 0 தென்பட்டால் முதலாவது எழும். படிக்கப்படாமல் பைட்டுகள் குவிந்து ஒன்று தொலைந்தால் இரண்டாவது எழும். மிடியில் தரவு பைட்டின் கடைசி பிட் எப்போதும் 0, அதற்கடுத்த முடிவு பிட் 1. எனவே மந்தமான ஆப்டோகப்ளர் ஏறக்குறைய ஒவ்வொரு தரவு பைட்டிலும் எஃப்இ0 ஐ எழுப்பிவிடும். இரண்டு பிட்டுகளுக்கும் ஆளுக்கொரு எல்இடியை ஒதுக்கி, எழுந்தால் எரியும்படி வையுங்கள். வந்த பைட் காத்திருக்கும் யுடிஆர்0 ஐப் படித்தவுடன் இந்த நிலைகள் அழிந்துவிடும் என்பதால், அதைப் படிப்பதற்கு முன் இவற்றைப் படிக்க வேண்டும். நான்கு சுரங்களைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். டிஓஆர்0 இன் விளக்குதான் எரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

காரணம் உங்கள் திரை. 128க்கு 64 புள்ளிகள் கொண்ட ஓலெட் என்றால் முழுத் திரைக்கு 1,024 பைட்டுகள் அனுப்ப வேண்டும். ஐ2சியில் ஒரு பைட்டுக்கு ஒன்பது துடிப்புகள் தேவை; 400 கிலோஹெர்ட்ஸில் ஓடினாலும் இதற்கு 23 மில்லி நொடி ஆகும், 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 92. முதல் சுரத்தின் மூன்று பைட்டுகளை நிரல் படிக்கிறது, பெயரை எழுதத் திரைக்குப் போகிறது, 23 மில்லி நொடி திரும்புவதில்லை. அதற்குள் மிடி கம்பியில் 72 பைட்டுகள் வரை வந்து சேரலாம். சிப் தன்னிடம் வைத்துக்கொள்வதோ படிக்கக் காத்திருக்கும் இரண்டையும், உள்வாங்கும் ரெஜிஸ்டரில் நிற்கும் ஒன்றையும் மட்டுமே. அடுத்த பைட்டின் தொடக்க பிட் வந்தவுடன் இழப்பு தொடங்கிவிடுகிறது. நிதானமாக வாசிக்கும்போது திரை வேலை முடிந்த பிறகே அடுத்த சுரம் வருவதால் உங்களுக்கு இது தெரியாமல் இருந்தது.

தீர்வு, மிடி பைட் வந்தவுடன் அதை இன்டரப்டில் எடுத்து ஒரு வட்ட பஃபரில் (கடைசி இடத்துக்குப் பின் மீண்டும் முதல் இடத்துக்குத் திரும்பும் தற்காலிகச் சேமிப்பில்) போடுவது. எழுதும் இடத்தை இன்டரப்ட் மட்டுமே நகர்த்த வேண்டும், படிக்கும் இடத்தை மெயின் லூப் மட்டுமே நகர்த்த வேண்டும். இரண்டும் எட்டு பிட் எண்களாக இருந்தால் போதும். அளவு 64 பைட் என்று வைத்தால் அது 20.48 மில்லி நொடிக்குத்தான் தாங்கும், உங்கள் திரைக்கு அது போதாது, 128 வையுங்கள். ஒலியை உருவாக்கும் டைமர் இன்டரப்ட் இதற்கு இடையூறாகுமோ என்று அஞ்ச வேண்டாம். அது ஒரு முறைக்கு 20 மைக்ரோ நொடி எடுத்தாலும், 320 மைக்ரோ நொடிக்கு ஒரு முறைக்கு மேல் வர முடியாத மிடி பைட் அவ்வளவு நேரம் காத்திருக்கலாம். ஆனால் பஃபர் மட்டும் போதும் என்று நின்றுவிடாதீர்கள். அது இழப்பைத் தடுக்கும், தாமதத்தைத் தடுக்காது: சேர்த்து அழுத்திய நான்கு சுரங்கள் திரை வேலைக்கு நடுவே ஒவ்வொன்றாகச் சிதறி ஒலிக்கும். வந்திருக்கும் பைட்டுகள் அனைத்தையும் முதலில் படித்துத் தீர்த்துவிட்டு, திரைக்குப் பதினாறு பைட்டுகளை மட்டும் அனுப்பி, மீண்டும் பஃபரைப் பார்க்கும்படி எழுதுங்கள். ஒரு துண்டுக்கு அரை மில்லி நொடிக்கும் குறைவாகவே ஆகும். கருவியில் கேட்பவருக்கே முதலிடம், பார்ப்பவருக்கு அடுத்த இடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி நண்பரின் கீபோர்டு. அது தவறு எதுவும் செய்யவில்லை. மிடி விதி அனுமதிக்கும் இரண்டு சுருக்கங்களைப் பயன்படுத்துகிறது. ஒன்று, வேகம் (விசை எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதைச் சொல்லும் எண்) 0 என்று வரும் நோட் ஆனை, சுரத்தை நிறுத்தச் சொல்லும் நோட் ஆஃபாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று ரன்னிங் ஸ்டேட்டஸ்: முந்தைய செய்தியும் இப்போதைய செய்தியும் ஒரே ஸ்டேட்டஸ் பைட்டை (செய்தியின் வகையைச் சொல்லும் முதல் பைட்டை) கொண்டிருந்தால், அதை இரண்டாம் முறை அனுப்பத் தேவையில்லை. ஆகவே நடு சியை அழுத்தும்போது 144, 60, 100 என்று அனுப்பும் அந்த கீபோர்டு, விரலை எடுக்கும்போது 60, 0 என்று இரண்டே பைட்டுகளை அனுப்புகிறது. ஒவ்வொரு செய்தியும் 128 (நோட் ஆஃப்) அல்லது 144 இல் தொடங்கும் என்று எதிர்பார்க்கும் உங்கள் நிரல், அந்த இரண்டையும் அர்த்தமற்றவை என்று தள்ளிவிடுகிறது. சுரம் நிற்காமல் ஒலிப்பது அதனால்தான்.

இந்தப் பகுதியைத் திருத்தும்போது கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அதை நான் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. நான் செய்த கருவியில், டிரம் மெஷினை இணைத்தபோது மட்டும் எப்போதாவது ஒரு சுரம் தொங்கிப்போகும். வந்த பைட்டுகளை எல்லாம் நினைவகத்தில் சேமித்து, கோளாறு நேர்ந்தவுடன் நிறுத்தி, ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தபோது 60 என்ற சுர எண்ணுக்கும் அதன் வேகத்துக்கும் நடுவே 248 நின்றுகொண்டிருந்தது. அது கால் சுரத்துக்கு 24 முறை வரும் கிளாக் பைட். 248 முதல் 255 வரையுள்ள நிகழ்நேர பைட்டுகள் எந்தச் செய்திக்கு நடுவிலும் புகலாம்; அவை பாதியில் நிற்கும் செய்தியையும் ரன்னிங் ஸ்டேட்டஸையும் கலைக்கக் கூடாது. 240 முதல் 247 வரையுள்ளவை ரன்னிங் ஸ்டேட்டஸை அழிக்க வேண்டும். சில கீபோர்டுகள் யாரும் வாசிக்காதபோதும் 300 மில்லி நொடிக்குள் ஒரு முறை, ‘இணைப்பில் இருக்கிறேன்’ என்று சொல்லும் 254 ஐ அனுப்பிக்கொண்டே இருக்கும் என்பதால், இந்த வேறுபாட்டைத் தவறாக எழுதியவருக்குச் சுரங்கள் காரணமின்றித் தொங்குவதாகத் தோன்றும். 1983 இல் எழுதப்பட்ட இந்த விதியில் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. அந்தக் கால கீபோர்டு ஒன்றை இன்று நீங்கள் செய்யும் கருவியோடு இணைக்க முடிவது, இத்தகைய சிறிய வரிகளை எல்லோரும் மதித்ததால்தான்.

பைட்டுகளைச் சேமித்துப் பார்க்கும் அந்த வழியை உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன். இன்னொரு போர்டு கைவசம் இருந்தால் அதைச் சோதனைக் கருவியாக மாற்றுங்கள்: இடைவெளியின்றி நான்கு சுரங்களை எழுப்பி, இடையிடையே 248 ஐப் புகுத்தி, பின் அவற்றை நிறுத்தும் கோவையை ஆயிரம் முறை அது அனுப்பட்டும். முடிவில் உங்கள் சின்தசைசர் எண்ணிய தொடக்கங்களும் முடிவுகளும் நாலாயிரம், நாலாயிரம் என்று இருக்க வேண்டும். விரல்களால் வாசித்து ‘இப்போது பரவாயில்லை’ என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

கீச்சொலி நிரலைச் சார்ந்ததல்ல. மிடி உள்ளீட்டு சாக்கெட்டின் 2 ஆம் பின்னை நீங்கள் கிரவுண்டுடன் நேரடியாக இணைத்திருந்தால் முதலில் அதைத் துண்டியுங்கள். கேபிளின் கவசம் அனுப்பும் பக்கத்தில் மட்டும் கிரவுண்டைத் தொட வேண்டும். இரு கருவிகளின் கிரவுண்டுகளையும் பிரித்து வைப்பதற்குத்தான் ஆப்டோகப்ளரே இருக்கிறது. பிறகு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கீச்சொலி மறைந்தால் கணினி, ஆம்ப்ளிஃபையர் இரண்டின் கிரவுண்டும் உங்கள் போர்டின் வழியே வளையமாகச் சுற்றியிருக்கின்றன. மறையாமல் திரை மாறும்போதெல்லாம் அதன் சுருதியும் மாறினால், திரையின் மின்னோட்டம் ஒலியின் கிரவுண்டு கம்பி வழியாகவே திரும்புகிறது. அதற்குத் தனிக் கம்பி இழுத்து, இரண்டையும் மின்சாரம் உள்ளே வரும் ஒரே புள்ளியில் சேருங்கள்.

வேகமான சிப் ஒரு நாள் உங்களுக்குத் தேவைப்படலாம்: பல குரல்கள், ஃபில்டர்கள், எதிரொலி என்று வளரும்போது எட்டு பிட்டில் இடம் போதாது. அத்தகைய சிப்புகள் பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் ஓடுபவை என்பதை மனத்தில் கொள்ளுங்கள். மிடி வெளியீட்டுக்கு 5 வோல்ட்டில் போடும் இரண்டு 220 ஓம் ரெசிஸ்டர்கள் அங்கே பொருந்தாது. 4 ஆம் பின்னுக்கு 33 ஓமும் 5 ஆம் பின்னுக்கு 10 ஓமும் வர வேண்டும். உள்ளீட்டுக்கு எச்11எல்1 ஆப்டோகப்ளர் 3.3 வோல்ட்டில் நன்றாகவே வேலை செய்யும். இப்போது நீங்கள் எழுதப்போகும் வட்ட பஃபரும் செய்தி பிரிக்கும் பகுதியும் அங்கேயும் அதிக மாற்றமின்றிப் பயன்படும்.

இந்த வாரம் ஆப்டோகப்ளரைத் தொடாமல், இரண்டு எல்இடிகளை மட்டும் பொருத்துங்கள். பிறகு நண்பரின் கீபோர்டில் ஒரே ஒரு சுரத்தை அழுத்தி, விரலை எடுத்த பின், வந்த பைட்டுகளை வரிசையாக எழுதி எனக்கு அனுப்புங்கள். ஆறு அல்ல, ஐந்து பைட்டுகள் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.