லிங்கன்: ஊரா, ஆளா?

உங்கள் பெயர் அகராதியின் 'லிங்கன்' பதிவில் "லிங்கன் என்ற ஊர்கள் எல்லாம் அமெரிக்க அதிபர் நினைவாக" என்ற வரியை எடுத்துவிடுங்கள். முதலில் வந்தது ஊர்தான். இங்கிலாந்தின் லிங்கன் நகரம் ரோமானியர் காலத்தில் 'லிண்டம் கொலோனியா'. 'லிண்டோ' என்றால் பிரிட்டனின் பழைய கெல்ட்டிய மொழியில் குளம். அங்கே விதம் (Witham) என்ற ஆற்றில் பிரேஃபோர்டு குளம் இன்றும் இருக்கிறது. 'கொலோனியா' என்பது ஓய்வுபெற்ற படைவீரர் குடியிருப்பு. இரண்டும் தேய்ந்து ஒன்றானதே லிங்கன். அந்த ஊர்க்காரர் வேறிடம் போனதும் ஊரே குடும்பப்பெயர் ஆனது. ஆனால் அதிபர் ஆபிரகாம் லிங்கனின் முன்னோர் சாமுவேல் 1637இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது லிங்கன் நகரிலிருந்து அல்ல, இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து.

அமெரிக்க ஊர்களுக்கு ஆண்டைப் பாருங்கள். நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கனின் முந்தைய பெயர் லங்காஸ்டர். 1867இல்தான் அதிபர் பெயர் வந்தது. எல்லாரும் சறுக்கும் இடம் இல்லினாய் மாநிலம்: அங்குள்ள லிங்கனுக்கு 1853லேயே அவர் பெயர், அப்போது அவர் வெறும் வழக்கறிஞர்! 'லிங்கன்' மகிழுந்து நிறுவனமும் (1917) அவர் பெயரில்தான்.

எழுத்துக்கூட்டலில் 'லிங்கொல்ன்' வேண்டாம், இரண்டாவது ல் ஒலிக்காது. தமிழ் 'லிங்கம்' வேறு வேர். நம்மூரில் 'ஆபிரகாம் லிங்கன்' முழுசாக ஒருவரின் இயற்பெயராகவே இருக்கும், அதைக் குடும்பப்பெயர்ப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.