வயதானவர்கள் தப்பாக அழுத்துகிறார்களா?

ஐயா,

செயலிகளை மக்கள் சுலபமாகப் பயன்படுத்தும்படி வடிவமைக்கும் யூஎக்ஸ் டிசைனராக வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. "பட்டனுக்குக் கலர் அடிக்கிறதுக்கா இவ்வளவு சம்பளம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆபீஸில் புரோகிராமர்களும் எங்களை மதிப்பதில்லை. எவ்வளவு எளிமையாகச் செய்து கொடுத்தாலும் படிக்காதவர்களும் வயதானவர்களும் தப்பாகத்தான் அழுத்துகிறார்கள். இந்த வேலைக்கு உண்மையிலேயே ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? மேற்கொண்டு சான்றிதழ் படிப்பு எதுவும் படிக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

ஆபீஸில் மதிக்கவில்லை என்பது எல்லாத் தொழிலிலும் முதல் வருடத்தில் வரும் வருத்தம், போய்விடும். படிப்பு விஷயம் உங்கள் விருப்பம். ஆனால் "வயதானவர்கள் தப்பாகத்தான் அழுத்துகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. போன வாரம்தான் அப்பாவின் பீரோவை ஒழித்தேன். உறை பிரிக்காத ஏடிஎம் கார்டு ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து இதே நினைப்புதான்.

அப்பா கணக்கு வாத்தியார். பென்ஷன் எடுக்கப் போன ஏடிஎம், முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் கார்டை வெளியே தள்ளும். அப்பா பணத்தை இரண்டு தடவை எண்ணி, சட்டைப்பையில் வைத்து, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். கார்டு மெஷினோடு போனது. புதுக் கார்டு வாங்கினோம். ஐந்தாம் மாதம் அதுவும் அப்படியே போனது. "கொஞ்சம் கவனமா இருக்கக் கூடாதாப்பா?" என்று கத்தினேன். "வயசாயிடுச்சுடா" என்றார். மூன்றாவதாக வந்த கார்டின் உறையை அவர் பிரிக்கவே இல்லை. மாதாமாதம் பேங்க் வரிசையில் நின்றார்.

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் போனது பணத்துக்காக. பணம் கைக்கு வந்ததும் வந்த வேலை முடிந்ததென்று மனம் கதவைச் சாத்திவிடும். அதற்குப் பிறகு நீளும் கார்டு யாருக்குமே மறக்கும். கார்டை முதலில் கொடுத்து, அதை எடுத்த பிறகே பணத்தைக் கொடுக்கும் மெஷின்கள் இருக்கின்றன. பணத்தை வாங்காமல் யார் நகர்வார்கள்? இரண்டு காரியங்களின் வரிசையை மாற்றுவதுதான் மொத்தத் தீர்வு. அந்த வரிசையை யோசிப்பதுதான் உங்கள் தொழில், கலர் அடிப்பது அல்ல.

படிக்காதவர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களை ஓட்டிய விமானிகள் நல்ல பயிற்சி பெற்றவர்கள். பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் போய்க்கொண்டிருக்கும்போது, தரையிறங்குவதற்காக இறக்கையின் பின்ஓரத்தில் நீட்டியிருந்த மடிப்பை (ஃப்ளாப்) உள்ளிழுப்பதற்குப் பதில் சக்கரத்தை உள்ளிழுத்துவிடுவார்கள். விமானம் வயிறு தரையில் பட விழும். 'விமானியின் பிழை' என்று எழுதி வைத்தார்கள். அல்ஃபோன்ஸ் சாபனிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானிகளைக் குறை சொல்லாமல் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். இரண்டுக்குமான சுவிட்சுகள் அருகருகே, ஒரே மாதிரி இருந்தன. அவை வேறு வேறாக, தள்ளித் தள்ளி இருந்த சி-47 விமானத்தில் இந்த விபத்து அபூர்வம். சக்கர சுவிட்சில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். இருட்டிலும் கை கண்டுபிடித்துவிடும். இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் சக்கரத்துக்கான பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது. 1947-இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இப்படி 'விமானியின் பிழை' எனப்பட்ட 460 சம்பவங்களை அலசினார்கள். ஒரு கருவிக்குப் பதில் இன்னொன்றை இயக்கிவிடுவதுதான் அவற்றில் அதிகம்.

உயிர் போகும் இடத்திலேயே கை தவறுகிறது என்றால், மின் கட்டணம் கட்ட வந்த ஒரு பாட்டியைத் 'தப்பாக அழுத்துகிறார்' என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? எட்டு மாதத்தில் எத்தனை பேர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள்? ஒருவர்கூட இல்லை என்றுதான் உங்கள் கடிதம் சொல்கிறது. கோபமாக எழுதுகிறேன், தெரிகிறது. எட்டே மாதத்தில் தன் வேலைக்கு அர்த்தம் தேடும் பிள்ளை என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஒரு பெரியவரிடம் உங்கள் செயலியைக் கொடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். "அங்கே அழுத்துங்க தாத்தா" என்று வாய் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று அவர் சொன்னால், தப்பு அவருடையது இல்லை என்று அங்கேயே, அப்போதே சொல்லிவிடுங்கள். நான் சொல்லத் தவறியது அது. அவர் விரல் எந்த இடத்தில் தயங்கி நின்றது என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.