தீர்க்கதரிசனத்தைத் தேதி போட்டு எழுதிவையுங்கள்

கேள்வி: எங்கள் சபையின் உபவாச ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து ஊழியர் ஒருவர் வந்தார். என் மகன் தலையில் கைவைத்து, "ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டு வாசல் திறக்கும் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். மகன் இப்போதைய வேலையை விடப்போவதாகச் சொல்கிறான். சந்தேகப்பட்டால் ஆவியானவரைத் துக்கப்படுத்திவிடுவேனோ என்று எனக்குப் பயம். இது தேவனிடமிருந்து வந்ததா என்று எப்படி அறிவது?

பதில்: சகோதரி, முதலில் மகன் ராஜினாமாக் கடிதம் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் பயத்துக்குப் பவுலே பதில் சொல்லியிருக்கிறார். ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்று எழுதியவர், அதே மூச்சில் தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்றும், எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்றும் எழுதுகிறார் (1 தெசலோனிக்கேயர் 5:19-21). அங்கே 'சோதித்து' என்பதற்குள்ள கிரேக்கச் சொல், உலோகத்தின் தரம் பார்ப்பதற்கும் வழங்கிய சொல். நகைக்கடைக்காரர் உங்கள் வளையலை உரைகல்லில் தேய்த்தால் அவர் உங்களை அவமதிப்பதாக நினைப்பீர்களா? கொரிந்து சபையிலும் இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொன்னால் "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்பதுதான் ஒழுங்கு. இந்த வரம் இன்றும் உண்டா, அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டதா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. உண்டு என்று நம்பினால் சோதிக்கும் கடமையும் கூடவே வருகிறது.

"அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே" என்று யாராவது உங்கள் வாயை அடைத்தால், சங்கீதம் 105-ஐ எடுத்து வாசியுங்கள். ஊர் ஊராய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோருக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி கர்த்தர் காத்ததைத்தான் அந்தப் பகுதி சொல்கிறது. கேள்வி கேட்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

இன்று இரவே ஒரு நோட்டில் அந்த ஊழியர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதித் தேதி போடுங்கள். ஒலிப்பதிவு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பல வருடமாகப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், எழுதாத தீர்க்கதரிசனம் நாளாக நாளாக உருமாறும். 'வெளிநாடு' வெளிமாநிலமாகும். 'ஆறு மாதம்' தேவனுடைய காலமாகும். கடைசியில், "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று பழி உங்கள் மகன் தலையில் விழும். மோசே கொடுத்த அளவுகோல் வளையாதது: கர்த்தரின் நாமத்தில் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்" (உபாகமம் 18:22). பயப்படவேண்டாம் என்பது உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது போலிருக்கிறது. நாற்பது நாளில் நினிவே நகரம் கவிழ்க்கப்படும் என்று யோனா சொன்னது நடக்கவில்லையே என்று சிலர் கேட்பார்கள். நினிவே தப்பியது அதன் ஜனங்கள் மனந்திரும்பியதால். வாக்குக் கொடுத்தவர் பின்னால் தேடிப்பிடித்த சாக்கு அல்ல அது.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு மிக நெருக்கமானது எரேமியா 28-ஆம் அதிகாரம். யூதாவின் ராஜா சிதேக்கியாவின் ஆட்சியின் நான்காம் வருடம், ஐந்தாம் மாதம். கிபியோன் ஊரான் அனனியா, ஆலயத்தில் ஆசாரியர்கள் முன்னிலையில், இரண்டு வருடத்துக்குள் பாபிலோனின் நுகம் முறியும், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்கள் திரும்பி வரும் என்று கர்த்தரின் பெயரால் சொல்கிறான். எரேமியா கோபப்படவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார்! ஆனால் சமாதானம் சொல்லும் தீர்க்கதரிசி, சொன்னது நடக்கும்போதுதான் அறியப்படுவான் என்றும் சேர்த்துச் சொல்கிறார். பாபிலோனுக்கு அடிபணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் பூண்டிருந்த மர நுகத்தை அனனியா பிடுங்கி எல்லார் முன்பும் உடைக்கிறான். மேடைக்கு ஏற்ற காட்சி. எரேமியா பேசாமல் தன் வழியே போய்விடுகிறார். கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை, இந்த வருடத்திலேயே அவன் சாவான் என்ற கர்த்தருடைய வார்த்தை பிற்பாடுதான் எரேமியாவுக்கு வருகிறது. ஏழாம் மாதத்தில் அனனியா இறந்துபோகிறான்.

அடுத்த அதிகாரத்தில் எரேமியா பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் பண்ணுங்கள், திரும்ப எழுபது வருடம் ஆகும். இரண்டே வருடம் என்று நம்பியவன் அங்கே வீடு கட்டியிருப்பானா? உங்கள் மகன் வேலையை விடத் துடிப்பதும் இதே நம்பிக்கையில்தான்.

தென்கொரியாவில் தாமி மிஷன் என்ற குழு, 1992 அக்டோபர் 28-இல் சபை (விசுவாசிகள்) பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று அறிவித்தது. நம்பியவர்களில் பலர் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். குழுவின் தலைவர் லீ ஜாங் ரிம் அதற்கு முந்தைய மாதமே மோசடி வழக்கில் கைதானார். அந்தத் தேதிக்குப் பிறகு முதிர்வடையும் பத்திரங்களில் அவர் பணம் போட்டிருந்தது அப்போது வெளியே வந்தது.

பணம் என்றதும் ஒன்று. கைவைத்து ஜெபித்தவர் உங்களிடம் 'விதைக் காணிக்கை', அதாவது விதைத்தால் பலமடங்காய்த் திரும்பும் என்று சொல்லி வாங்கும் பணம், கேட்டாரா? ஆதிச் சபையின் ஒழுங்குநூலான திதாகே, ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி "எனக்குப் பணம் கொடு" என்பவனுக்குச் செவிகொடுக்க வேண்டாம், இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவனைக் குறைசொல்ல வேண்டாம் என்கிறது. அவர்கள் காலத்திலேயே தொல்லை இருந்திருக்கிறது. பழைய ஏற்பாட்டு மீகாவோ, தன் காலத்துத் தீர்க்கதரிசிகள் "பணத்துக்குக் குறிசொல்லுகிறார்கள்" என்று அதற்கும் முன்பே எழுதிவிட்டார். விசா, வரன், குழந்தை, வீடு என்று வரிசையாகச் சொல்லப்படுவதைக் கேட்கும்போது எனக்கும் 'குறி' என்ற சொல்தான் நினைவுக்கு வருகிறது.

சரி, ஆறு மாதத்தில் விசா வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சோதனை முடியவில்லை. சொன்ன அடையாளம் நடந்தாலும், சொன்னவன் வேறு தேவர்களைப் பின்பற்ற அழைத்தால் கேளாதே என்கிறது உபாகமம் 13. தீர்மானமும் தீர்க்கதரிசியின் கையில் இல்லை. எருசலேமில் பவுலைக் கட்டுவார்கள் என்று அகபு என்ற தீர்க்கதரிசி சொன்னது ஆவியானவரின் வார்த்தை. கூட இருந்தவர்கள் போகவேண்டாம் என்று அழுதார்கள். பவுல் போனார்.

ஆகவே மகன் வேலையில் இருந்துகொண்டே வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். கர்த்தர் வாசலைத் திறந்தால் கையில் நியமனக் கடிதம் வரும், அன்று ராஜினாமா செய்யலாம். அந்த ஊழியர் மறுபடி வந்தால், உங்கள் போதகரையும் உடன் வைத்துக்கொண்டு மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "ஐயா, ஆறு மாதத்தில் இது நடக்காவிட்டால், இதே சபையில் நின்று நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்பீர்களா?" அப்படிச் சொன்னவர்கள் உண்டு. 2020 அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப் வெல்வார் என்று பலர் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அவர்களில் ஜெரமையா ஜான்சன் என்பவர் 2021 ஜனவரியில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது, விசுவாசிகள் என்று சொல்லிக்கொண்டவர்களிடமிருந்து.