பழைய ரெசின் கிட்டுக்கு மூன்று மடங்கு விலை தரலாமா?

கேள்வி: பிரிட்டனின் முதல் ஜெட் விமானமான க்ளாஸ்டர் இ.28/39-ஐ 1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) மாடலாகச் செய்ய ஆசை. பழைய ரெசின் கிட் (பிசினில் வார்த்த பாகங்களை ஒட்டிச் செய்யும் பெட்டி) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பெட்டி பிரித்தது, ஆனால் பாகம் எல்லாம் இருக்கிறதாம். இனிமேல் கிடைக்காது என்று சொல்லி, விற்பவர் புது பிளாஸ்டிக் கிட்டைவிட மூன்று மடங்கு கேட்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம் என்றுதான் சொல்வேன். விமானம் அபூர்வம் என்பது உண்மை, மொத்தமே இரண்டுதான் கட்டினார்கள். அதற்காகக் கிட்டும் அபூர்வமாகிவிடாது. உக்ரைனின் கிளியர் ப்ராப் நிறுவனம் இதே அளவில் பிளாஸ்டிக்கிலேயே வெளியிட்டிருக்கிறது, முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

எதை வாங்கினாலும், விமானத்தின் எந்த நாளைச் செய்யப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1941 மே 15 அன்று இங்கிலாந்தின் கிரான்வெல் விமானத்தளத்தில் சோதனை விமானி ஜெரி சேயர் 17 நிமிடம் பறந்தாரே, அந்த டபிள்யூ4041 என்ற எண்ணுள்ள விமானத்தின் வால் இறக்கையில் குட்டித் துணைச் செங்குத்துத் தகடுகள் கிடையாது. அவை பிற்பாடு வந்தவை. இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குவது அவற்றோடுதான். எண்ணுக்குப் பின்னால் வரும் '/ஜி' என்ற எழுத்தும் பிற்பாடு வந்ததுதான், எப்போதும் காவல் போட வேண்டிய விமானம் என்று அதற்கு அர்த்தம். நீங்கள் நினைத்த நாளுக்குரிய பாகமும் டெக்காலும் (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் எண், சின்னப் படங்கள்) பெட்டியில் இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தும் பிரயோஜனம் இல்லை.

இல்லை, பழையதுதான் வேண்டும் என்றால், பாகங்களை செய்முறைத் தாளுக்குப் பக்கத்தில் பரப்பிவைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். விமானி அறையின் கண்ணாடி மூடியைத் தனியாக, வெள்ளைத் தாள் மேல் வைத்து எடுத்த படம் கட்டாயம் வேண்டும். நான் ஒருமுறை இதைக் கேட்காமல் வாங்கி, வந்து பார்த்தால் மூடி தேன் நிறத்தில் மஞ்சளித்து, ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விட்டிருந்தது. முழு மாடலே பத்து, பதினொரு சென்டிமீட்டர்தான், பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். மாற்று மூடி தேடி மாதக்கணக்கில் அலைந்தேன்.

டெக்கால் மஞ்சளாகியிருந்தால் பயப்பட வேண்டாம், வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். ஆனால் தண்ணீரில் போட்டதும் நொறுங்கலாம், அதனால் தேவைப்படாத ஒரு துண்டை முதலில் நனைத்துப் பாருங்கள். ரெசினுக்குப் பிளாஸ்டிக் பசை பிடிக்காது, சூப்பர் குளூதான். தேய்க்கும்போது ஈரமாகத் தேயுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அப்புறம் எடை. இது மூக்குச் சக்கர விமானம், முன்னால் கனம் இல்லாவிட்டால் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். ஆனால் மூக்கு முழுக்கக் காற்று உள்ளே போகும் வாய், அங்கே ஈயக்குண்டைப் போட்டால் வெளியே தெரியும். காற்றுக்குழாயைச் சுற்றியுள்ள சந்திலும் விமானி இருக்கைக்குக் கீழேயும்தான் இடம். உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன், டேப் போட்டு மூடி, சக்கரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புதுக் கிட்டானாலும் இதைத் தவிர்க்க முடியாது.