முதல் கர்ப்பம், ஏழாவது மாதம், சர்க்கரை என்கிறார்கள். களி சாப்பிடலாமா? குழந்தைக்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சுலபம், அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலாவதைப் பார்த்த பிறகு சும்மா கடந்துபோக முடியவில்லை. மகள் தூளியில் இருக்கிறாள், ஒரு கையால் ஆட்டிக்கொண்டே அடிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சர்க்கரை என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'என்கிறார்கள்' எனக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் யாரும் நம்பவில்லை, நீங்களும் பாதிதான் நம்புகிறீர்கள். மாமியார் வீட்டில் இருக்கிறீர்கள், அடுப்பு உங்கள் கையில் இல்லை. இதெல்லாம் நீங்கள் எழுதவில்லை, நானாக ஊகிக்கிறேன். தப்பாக இருந்தால் சந்தோஷம்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பிறந்தது கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கம், வாழ்க்கைப்பட்டது தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். எனக்கு நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன். உங்களுக்கு எது சரி என்பதை உங்களைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமைதான் கர்ப்பிணிகளுக்கான நாள். எனக்கு 26-வது வாரம், மே மாத வெயில். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துப் பெரிய டம்ளரில் கொடுத்தார்கள். பாகு மாதிரி தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்கியது. பக்கத்து பெஞ்சில் இருந்த பெண் குடித்த கையோடு வாந்தி எடுத்துவிட்டாள், அவளை இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-க்குள் இருக்க வேண்டும். எனக்கு 164.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை, அதாவது என் மாமியார், சிரித்தார். "எங்க வம்சத்துலயே சக்கரை கெடையாது கண்ணு. ஒரு சொம்பு குளுக்கோஸக் குடிச்சா யாருக்குத்தான் ஏறாது?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த முறை வீட்டுக்கு வந்த நர்சம்மாவிடம் இதையே சொன்னேன். "எல்லாருக்கும் அதே டம்ளர்தாம்மா. மத்தவங்களுக்கு ரெண்டு மணி நேரத்துல எறங்குது, உனக்கு எறங்கல" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது களிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மதியம் ராகிக் களி, ராத்திரியும் பெரும்பாலும் களி. சர்க்கரைக்காரர்களுக்கு ராகி நல்லது என்று ஊரே சொல்கிறது, நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். நர்சம்மா மட்டும், "ராகி நல்லதுதான். எவ்வளவு சாப்புடறேன்னு பாத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அத்தை துடுப்பால் கிண்டி இறக்கி, கையில் தண்ணீர் தொட்டு உருட்டி வைக்கிற உருண்டை ஒரு உரித்த தேங்காய் அளவு இருக்கும். ஒருநாள் அதை அப்படியே தூக்கில் போட்டுக்கொண்டு போய், தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். தூக்கின் எடை போக 430 கிராம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஷிப்ட் வேலை. அவரிடம் சொல்லி வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் மீட்டர் வாங்கிவரச் சொன்னேன். ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய் பக்கம் ஆகும், கணக்குப் பார்த்துத்தான் குத்த வேண்டும். எனக்குச் சொன்ன அளவு, வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள். முழு உருண்டையும் குழம்பும் சாப்பிட்ட அன்று 171. மறுநாள் அதே ராகி, அதே அத்தை கிண்டியது, அரை உருண்டைக்கும் கொஞ்சம் குறைவு. கூடவே ஒரு கிண்ணம் கீரைக் கடைசல், இரண்டு அவித்த முட்டை. அன்று 117.

உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். சாப்பிடலாம். எவ்வளவு என்பதை மாமியாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது, மீட்டர்தான் சொல்லும். கூழாகக் கரைத்துக் குடித்தால் எனக்கு இன்னும் சீக்கிரம் ஏறியது. உங்களுக்கு எப்படியோ.

பாரம்பரிய உணவைப் பழிக்கிறேன் என்று கீழே யாராவது வருவீர்கள், தெரியும். "நம் பாட்டிகள் களி தின்றுதான் பத்துப் பிள்ளை பெற்றார்கள்." என் ஆயா ஒன்பது பெற்றார், ஐந்துதான் தங்கியது. மற்ற நாலும் எதனால் போயின என்று அவருக்கே தெரியாது. இதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம். நான் இன்றைக்கும் களிதான் தின்கிறேன்.

சங்கடமெல்லாம் களிக்கு வெளியே இருந்துதான் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 18,000 ரூபாய், அதில் 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. அதைப் பிரித்தால் நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், ஒரு கிலோ பேரீச்சம்பழம். அத்தை பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்து, "கெவுருமெண்டே சாப்புடுன்னு குடுக்குது, நீ என்னமோ வேணாங்கற" என்றார். ரத்தம் குறைவாக இருக்கிற பெண்களுக்கு அது நல்லதுதான். எனக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். மிச்சத்தை ஓரகத்தி பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

அப்புறம் வளைகாப்பு. ஏழு வகைச் சாதத்தில் சர்க்கரைப் பொங்கலும் ஒன்று. கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் போட்டு, ஆளுக்கு ஒரு வாய் இனிப்பு ஊட்டுவார்கள். வேண்டாம் என்று யாரிடம் சொல்வது? பதினேழு பேர் வரை எண்ணினேன். சாயங்காலம் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குத்திப் பார்த்தேன், 198. யாரிடமும் சொல்லவில்லை, இப்போது இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன். அந்த ஒருநாளுக்காக உங்களை யாரும் தூக்கில் போடப்போவதில்லை. முடிந்தால் முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லி, இனிப்புக்குப் பதில் ஒரு துண்டு கொய்யாக்காய் ஊட்டச் சொல்லுங்கள். என் தங்கைக்கு அப்படித்தான் செய்தோம். கிழவிகள் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான்.

வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு. அங்கேதான் எனக்குச் சோதனை. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, நடுவில் வீடு. ஜூன் மாதம். திண்ணையில், கட்டிலுக்கடியில், வைக்கோலில் எங்கே பார்த்தாலும் செந்தூரா, மல்கோவா, கிளிமூக்கு என்று பழம். மூச்சு விட்டாலே மாம்பழ வாசனை. அதில் நான் மட்டும் பாகற்காய்ப் பொரியலும் சுண்டலும்.

அந்த வருடம் பழம் இவ்வளவு வீட்டில் கிடந்ததற்குக் காரணம் வேறு. எழுதாமல் இருக்க முடியவில்லை, நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். கிருஷ்ணகிரி பக்கத்துத் தோப்புகளில் முக்கால்வாசி கிளிமூக்கு, அதாவது தோதாபுரி. மாங்கூழ் ஆலைக்குத்தான் அது போகும், கடையில் வாங்கித் தின்பவர்கள் குறைவு. ஆலை கேட்பதுதான் விலை. அந்த வருடம் அப்பாவிடம் கிலோ 5 ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் போட்டால் கைக்காசு போகும். சித்தூர் பக்கமிருந்தும் இதே பழம் வருகிறது, எங்களிடம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. வருடம் முழுக்க மருந்தடித்து, பூவுக்கும் பிஞ்சுக்கும் காவல் இருந்த மனுஷன், பழம் மரத்திலேயே பழுத்து விழுவதைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதே கூழைச் சர்க்கரை போட்டு பாட்டிலில் அடைத்து பஸ் ஸ்டாண்டில் விற்கும்போது விலை குறைந்து நான் பார்த்ததில்லை. என் பிரசவச் செலவுக்கு என்று அவர் மனதில் வைத்திருந்த பணம் அது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். போனது நல்லதாகத்தான் போயிற்று, அது வேறு விஷயம்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். ஒரு ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, கட்டிலுக்கடியில் கைவிட்டு ஒரு செந்தூராவை எடுத்தேன். விளக்குப் போடவில்லை. காம்பைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத் தோலோடு உறிஞ்சினேன். முழங்கை வரை வழிந்தது. கொட்டையைக்கூட விடவில்லை. மறுநாள் வெறும் வயிற்றில் 108.

அடுத்த வாரம் டாக்டர் இன்சுலின் எழுதினார். நான் அழுதுகொண்டே மாம்பழக் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு பழம் காரணம் இல்லை, மாதம் ஏற ஏற நச்சுக்கொடியில் சுரக்கிற ஹார்மோன்கள் உடம்பிலுள்ள இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, வாயைக் கட்டினாலும் சிலருக்கு ஊசி தேவைப்படும் என்றார். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை நாள் திருடி மாதிரி இருந்திருக்க மாட்டேன். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஊசி என்றதும் சொந்தக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். "புள்ளைக்கும் சக்கரை வந்துரும்", "ஒருதரம் போட்டா ஆயுசுக்கும் போடணும்." கேட்டுக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளாதீர்கள். எனக்குப் பிரசவத்தன்றே ஊசியை நிறுத்திவிட்டார்கள். தோப்பு வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. நர்சம்மா சொன்னபடி ஒரு மண்சட்டியில் ஈர மணல் நிரப்பி, நடுவில் சின்னக் கலயம் புதைத்து, மருந்துப் புட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதற்குள் வைத்து மூடினோம். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளிப்பது அப்பா வேலை. மரத்துக்குத் தண்ணீர் விடுகிற மாதிரியே செய்வார்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தாள். சுகப்பிரசவம், 3 கிலோ 100 கிராம். பெண் சிசுக்கொலையால் எங்கள் மாவட்டங்களுக்கு இருந்த பழைய கெட்ட பெயர் தெரிந்தவர்கள் 'பெண்ணா?' என்று இழுப்பீர்கள். ஆமாம், பெண்தான். அத்தை வார்டு முழுக்கச் சாக்லேட் கொடுத்தார். அத்தையைப் பற்றி மேலே எழுதியதை வைத்து அவரை வில்லியாக்கிவிடாதீர்கள், பேறுகாலத்தில் என் துணியெல்லாம் துவைத்தது அவர்தான்.

ஆனால் அன்றைக்கும் ஒரு கூத்து நடந்தது. சர்க்கரை இருந்த தாயின் குழந்தைக்குப் பிறந்தவுடன் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம், அதனால் குதிகாலில் குத்திப் பார்ப்பார்கள். சிஸ்டர் குத்திவிட்டு, "உடனே பால் குடும்மா" என்றார். அதற்குள் அத்தை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த சர்க்கரைத் தண்ணீர்ச் சங்கை எடுத்துவிட்டார். குழந்தைக்குச் சர்க்கரை குறையும் என்றுதானே சொன்னீர்கள், அப்புறம் என்ன என்று அவருக்கு ஒரு நியாயம். சிஸ்டர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் குழந்தை எழுந்துவிட்டது. சீம்பால் போதும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். சங்கு, தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். இதை இப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் பேச உங்களுக்குத் தெம்பு இருக்காது.

இரண்டாவது கேள்வி. பிறப்பதற்கு முன் எதுவும் வாங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நல்லதாகப் போயிற்று, ஒன்றும் தேவைப்படவில்லை. அப்பாவின் பழைய வேட்டி நான்கைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து மடித்து வைத்தோம். தூளிக்கு அம்மாவின் நைந்த நூல்சேலை, ஆஸ்பத்திரியில் இருக்க எனக்கு முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று, ஒரு பிளாஸ்க். பணம் போட்டு வாங்கியது நைட்டி மட்டும்தான். விளம்பரத்தில் வருகிற தொட்டில், தலையணை, பவுடர் எல்லாம் உங்கள் விருப்பம், வாங்கினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கர்ப்பிணி அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் அரசு கொடுக்கிற எண்), ஆதார், பேங்க் புத்தகம், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே மஞ்சப்பையில் போட்டு வாசற்கதவு ஆணியில் மாட்டுங்கள். எங்கள் வீட்டில் 108-க்கு போன் போட்ட பிறகு அட்டையைத் தேடினார்கள். அது அரிசி டிரம் மேல் இருந்தது.

ஒன்று விட்டுவிட்டேன். பிரசவமாகி 6 வாரத்தில் மறுபடியும் அதே குளுக்கோஸ் குடித்துப் பார்க்கச் சொல்வார்கள். போய்விடுங்கள். நான் பால், தூக்கமின்மை, மொட்டையடிப்பு என்று சாக்குச் சொல்லி எட்டு மாதம் கழித்துத்தான் போனேன். 152. முழுச் சர்க்கரை இல்லை, எல்லையில் இருக்கிறது, வருடாவருடம் பார்க்க வேண்டும் என்றார்கள். அத்தையையும் அன்று கூடவே அழைத்துப் போயிருந்தேன், வம்சத்தில் கிடையாது என்றாரே என்று அவருக்கும் பார்த்தோம். அவருக்கு 240. இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் அரை உருண்டைதான்.